பிரெஞ்சில் இல்லாத தழும்பு

ஆவணி 12, வியாழன் இரவு.

சோமனூர் தறிக்குடோனிலிருந்து வந்த கணவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் கல்லூரி ஆண்டு மலரின் ஒரு பக்கத்தைப் போனில் காட்டினார்.

"இந்தக் காதல் கவிதை யாருக்கு எழுதுனது அம்மணி?"

கீழே என் பெயர் மட்டும் இருந்தது. 'தமிழில்' என்ற சொல்லை மலர்க்குழு விட்டுவிட்டது.

"என்னுதில்லீங்க. பல நூறு வருசத்துக்கு முந்தி பிரான்சுல ஒரு பொம்பள எழுதுனது. தமிழ்ல மாத்துனது மட்டுந்தானுங்க நான்."

"செரி. நாளைக்குக் காலேஜுக்கு நானும் வாரேன். உங்க பிரெஞ்சு மேடத்தையே அசலைப் படிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லலாம்."

குரலை உயர்த்தவே இல்லை. 

சொந்தப் பெயரில் காதலை எழுதிய அந்தக் காலத்து பிரெஞ்சுப் பெண்களை ஊரே தூற்றியது என்று வருடா வருடம் ஒப்பிலக்கிய வகுப்பில் சொல்கிறேன்.  இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஹாலில் இன்னும் விளக்கு எரிகிறது. மறுபடி படிக்கிறார் போல.

கவிதையில் வருகிறவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. இவருக்கு இல்லை.

பிரெஞ்சிலும் இல்லை.