பேடன்ட் பரீட்சையும் நன்னிலம் விசாரணையும்

ஜூன் 10, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. பேடன்ட் ஏஜென்ட் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. சென்னை, 22 ஞாயிறு. இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை, என் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியே போதும். காலேஜில் கூட வேலை பார்க்கும் நஸ்ரினுக்கு மட்டும் தெரியும். வாங்க: ஸ்கேல், தலைவலி மாத்திரை, பச்சை மிளகாய்.

ஜூன் 12, வியாழன்
லேபில் சாப்பாட்டு நேரம். குடையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வைத்துக்கொண்டு, என் உரிமை எதுவரை என்று ஒரே வாக்கியத்தில் எழுதும் பயிற்சி. நஸ்ரின் படித்துவிட்டு, "மரக் கைப்பிடின்னு போட்டுட்டீங்களேக்கா. நாளைக்கு ஒருத்தன் பிளாஸ்டிக்ல செஞ்சா கேக்க முடியுமா?" மரத்தை அடித்தேன். நாலு தடவை எழுதியும் பசி தெரியவில்லை.
சாயங்காலம், விண்ணப்பம் போட்டிருந்த சென்னை பேடன்ட் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில். 23 திங்கள் இன்டர்வியூ.

ஜூன் 14, சனி
நன்னிலம். அப்பாவிடம் சொன்னேன். "வக்கீலாவா!" உள்ளே போய் மஞ்சப்பை நிறையக் காகிதத்தோடு வந்தார். நாங்கள் குத்தகைக்கு உழும் கோயில் நிலம். பக்கத்து வயல்காரர் அந்தக் குத்தகையைத் தன் பேரில் பதியச் சொல்லி மனு. தாலுகா ஆபீஸில் விசாரணை. அதே 23.
"இது நெலத்துக்கு இல்லப்பா. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா, அதுக்கு உரிமை வாங்கித் தர்ற வேலை."
அப்பா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "மண்டைக்குள்ள இருக்கறதுக்கு வாங்கித் தருவே. கால்ல மிதிக்கறதுக்கு மாட்டியா?"
அம்மா வைத்த மீன் குழம்பு. சாப்பிட்டு எழுந்து மனுவின் நகலை என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
தஞ்சாவூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த மனுவை மூன்று முறை படித்தேன். நான்கெல்லையில், வடக்கே வாய்க்கால் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வயலுக்கு வாய்க்கால் கிழக்கே. அவர் காட்டுவது வேறு வயல்! அப்பாவுக்குப் போன். "அதை ஆபீசர்கிட்ட எடுத்துச் சொல்ல எனக்கு வருமா பாப்பா?"
கம்பெனிக்கு மெயில்: வேறு நாள் கிடைக்குமா? பதில் இல்லை. போனை எத்தனை தடவைதான் பார்ப்பது.

ஜூன் 23, திங்கள்
நேற்று பரீட்சை. சுமார். முடித்து நேரே நன்னிலம் பஸ். கம்பெனி இன்னும் வாயே திறக்கவில்லை.
தாசில்தார், "நீங்க வக்கீலா?"
"மக சார்."
எல்லையைக் காட்டினேன். எதிர்ப்பக்கம் முழித்தது. வயலை நேரில் அளந்து பார்க்க உத்தரவு. வெளியே அப்பா, "சென்னை வேலை போச்சா?"
"தெரியலப்பா."
துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்
கம்பெனியிலிருந்து போன். வியாழன் வரச் சொன்னார்கள். எடுப்பார்களா, தெரியாது. ஹெச்.ஓ.டி.யிடம் லீவு கேட்டேன். "நேத்துதானே எடுத்தீங்க? கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க..." அவர் முடிப்பதற்குள் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அவர் மேஜையிலேயே ராஜினாமா எழுதினேன்.
"அவசரப்படறீங்க."
"கான்ட்ராக்ட்லயே ஒன்பது வருஷம் ஆச்சு சார்."