திரையில் துஹாமியின் பெயர்

அன்பு மகள் ஹெந்தாவுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் ஆலிவ் மரங்களும் சுகம், முட்டிவலி மட்டும் விருந்தாளி மாதிரி வந்து வந்து போகிறது. நீயும் மருமகனும் அந்தப் பனி ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். உன் சாச்சா துஹாமி உனக்குப் போன் போட்டு அழுதானாமே. "உம்மா, வாப்பாவோட கூடப்பிறந்த தம்பி, அவரை மன்னிச்சிடுங்க, அவரோட ஆலிவ் மூட்டையை முன்னாடி ஆட்டிக் கொடுங்க" என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் அழத் தெரிந்தவனுக்குத் தான் செய்ததைச் சொல்லத் தெரியவில்லை பார். நான் சொல்கிறேன், கேள்.

போன வருஷம் வாப்பா மௌத்தான பிறகு வந்த முதல் அறுவடை. ஒருத்தியாகவே ஏணி ஏறிப் பறித்து முப்பது மூட்டை சேர்த்து ஊர்ச் செக்கில் கொண்டுபோய் இறக்கினேன், வரிசையில் எனக்குப் பன்னிரண்டாவது முறை. துஹாமிதான் செக்குக்குப் பொறுப்பு, சாக்கட்டியால் கரும்பலகையில் முறை எழுதுகிறவனும் அவனே. மறுநாள் போய்ப் பார்த்தால் பன்னிரண்டில் அவன் கூட்டாளி ஸாலிமின் பெயர், என் பெயர் முப்பத்தொன்றில் கிடந்தது. கேட்டதற்கு, "உங்களுக்குப் பன்னெண்டுன்னு யாரு சொன்னது மதினி? கனவு கினவு கண்டீங்களா?" என்றான். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது நாள் மூட்டைகள் கிடந்து புழுங்கின, கையை உள்ளே விட்டால் சுட்டது, ஆட்டிய எண்ணெய் வாயில் வைக்க முடியாமல் சோப்புக் காய்ச்சப் போயிற்று. ஏன் எண்ணெய் அனுப்பவில்லை என்று நீ கேட்டபோது விளைச்சல் இல்லை என்றேனே, அது பொய். அன்றைக்கே இதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் செக்குச் சங்கத்தார் கரும்பலகையை எடுத்துவிட்டுப் பெரிய திரை மாட்டினார்கள், அதில் முறையைக் காட்ட ஒரு கணினி நிரல் எழுத ஆள் வேண்டியிருந்தது. "மதினிக்கு வீட்ல என்ன வேலை, பொம்பளைங்க மையத்துல அந்தப் பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கத்துக்கிட்டு வரட்டும்" என்று துஹாமியே கேலியாகச் சொன்னான். போனேன். சொல்லிக்கொடுத்தவள் இப்திஹால், உன் வயதுக்காரி, என்னைச் சின்னம்மா முறை வைத்து காலா என்றுதான் கூப்பிடுவாள். நிரலில் மாறி என்றால் ஒரு பெயர், அதற்குள் ஒரு மதிப்பு என்றாள். நான் நம் எண்ணெய்ச் சாடியை நினைத்துக்கொண்டேன், அடியில் பழசு கிடக்கும், மேலே புதுசை ஊற்றுவோம், இரண்டும் உள்ளேதானே இருக்கும்? அதனால் முறை என்ற மாறியில் பன்னிரண்டை வைத்து அதன்மேல் முப்பத்தொன்றையும் வைத்தேன். ஓடவிட்டால் முப்பத்தொன்று மட்டும் வருகிறது. "பன்னெண்டு எங்கடி போச்சு?" என்று கத்தியே விட்டேன். "போயே போச்சு காலா. புதுசு வந்தா பழசு இருக்காது. பழசும் வேணும்னா மாத்துறதுக்கு முன்னாடியே வேற பேர்ல எடுத்து வச்சிடணும்" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று ஹெந்தா. பாவி இதைத்தானே எனக்குச் செய்தான், ஒரு துடைப்பில் என் பன்னிரண்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்றே!

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். யார் முறையை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் இருந்த பெயர் 'முன்பு' என்ற மாறிக்குள் போகும், மாற்றியவரின் பெயர் 'கை' என்ற மாறிக்குள் போகும், எல்லாம் திரையில் வரும். ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தேன். சங்கத்தாரிடம் காட்டினேன், நல்லது என்றார்கள். துஹாமி முழுதாகப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல், "நடுவுல முறையை மாத்தலாம்ல மதினி?" என்று ஒன்றே ஒன்று கேட்டான். தாராளமாக மாற்றலாம் என்றேன். அதில் பொய் இல்லை.

செக்கு ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், கைம்பெண் மபுரூக்காவின் ஏழாவது முறையில் ஸாலிமின் பெயரைத் தட்டினான். முற்றம் நிறைய ஆள் இருக்கும்போது திரையில் வந்தது: முறை ஏழு, முன்பு மபுரூக்கா, இப்போது ஸாலிம், மாற்றிய கை துஹாமி. மபுரூக்கா போட்ட சத்தத்தில் எந்திரச் சத்தமே கேட்கவில்லை. "அட வெக்கங்கெட்டவனே, எத்தனை வருஷமாடா இந்த வேலை?" என்று கிழவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே சங்கத்தார் பொறுப்பைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள், அவன் மூட்டைகளைக் கடைசி முறைக்குத் தள்ளினார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, இரண்டு கிண்ணம் பஸீஸா மாவு கரைத்துக் குடித்தேன்.

முந்தாநாள் வாசலில் வந்து நின்றான். "மூட்டை சூடேறுது மதினி, ஒரே ஒரு நம்பரை மாத்துங்க, உங்க கையிலதானே இருக்கு" என்றான், கண் கலங்கியிருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து எண்ணைத் தட்டினேன், ஒரு பொத்தான்தான் பாக்கி. அழித்துவிட்டேன். மாற்றினால் திரையில் என் பெயர் வருமே, ஊர் என்ன சொல்லும் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். நீ என் மகள், உன்னிடம் மறைக்க மாட்டேன், அது காரணம் இல்லை.

உனக்கு இந்த வருஷ எண்ணெய் ஐந்து லிட்டர் அனுப்புகிறேன், வெயில் படாமல் வை, பொரிப்பதில் வீணாக்காதே. மருமகனைக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். அல்லாஹ் உங்கள் இருவரையும் கண்ணேறு படாமல் காப்பானாக, மடி நிறைய பிள்ளைகளைத் தருவானாக. மறுபடி துஹாமி அழுதால் போனை எடுக்காதே. அவன் மூட்டை இறக்கி இன்று எட்டாம் நாள். நாளை ஒன்பது, போன வருஷம் என் மூட்டைகள் கிடந்த கணக்கு. அதற்குப் பிறகு நீ எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கச் சொல், கேட்கிறேன்.

உன் நலமே வேண்டும்
உம்மா ஜாஸியா