றெஜி சொல்லாத கதை

என் செல்லத் தம்பி றெஜிக்கு,

களைத்துப்போய் இருக்கிறேன். கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் இன்று பஸ்ஸை இரண்டு சோதனைச் சாவடியில் நிறுத்தி எங்களை இறக்கி ஏற்றினார்கள். வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது கால் வீங்கிவிட்டது. நான்கு மாடி ஏறி வந்து, முகம்கூடக் கழுவாமல் உனக்கு எழுதுகிறேன். உன் பெயரில் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

நம்முடைய ஞாயிறு விளையாட்டு நிற்கவில்லை, தெரியுமா? கொட்டாஞ்சேனையிலிருந்து கலா, கிராண்ட்பாஸிலிருந்து பாஹிம், பொரளையிலிருந்து நிமல், மூன்று பேரும் இப்போதும் மூன்று மணிக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவர் மாயங்கள் நிறைந்த ஓர் உலகத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாயக்கட்டையை உருட்டித் தங்கள் விதியைப் பார்க்கும் விளையாட்டு. கீழ்வீட்டு அன்ரி இன்னமும் நாங்கள் செபக்கூட்டம் நடத்துவதாகத்தான் நினைக்கிறார். அந்த உலகத்தைச் சொன்னவன் நீ. இப்போது சொல்கிறவள் நான்.

ஆனால் உன் உலகத்தைப் பற்றி என்னிடம் ஒரு தாள்கூட இல்லையே. ஆமி வீடு வீடாகத் தேடிய அந்தச் சுற்றிவளைப்பு நினைவிருக்கிறதா? நீ வரைந்த கோட்டைப் படத்தைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். "இல்லாத ஊர், சேர்" என்றாய். இல்லாத ஊருக்கு எதற்குப் படம் என்று ஒரு பகல் முழுவதும் உன்னை வைத்திருந்தார்கள். நிமல் வந்து, அது விளையாட்டு, தான்தான் அந்தக் கோட்டையின் பூசாரி என்று சிங்களத்தில் விளக்கிய பிறகு விட்டார்கள். அன்றே எல்லாத் தாள்களையும் குசினி அடுப்பில் எரித்தோம். அதன் பிறகு எல்லாம் உன் தலைக்குள் இருந்தது. டெங்கு உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோனபோது அதுவும் உன்னோடு போய்விட்டது.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது பாஹிம் கேட்டான். "அக்கா, மிச்சக் கதையை றெஜி உங்களிட்ட சொல்லியிருப்பான், என்ன?"

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "ஓம், சொன்னவன்" என்றேன்.

அந்த ஞாயிறுகளும் போய்விட்டால் உன்னை எங்கே தேடுவது?

ஆறு மாதம் இட்டுக்கட்டினேன். வாரம் முழுவதும் பஸ்ஸுக்குள் யோசிப்பேன். "அக்கே, அந்தக் குகைக்குள்ள நான் போறதில்ல. பாஹிம் போகட்டும், அவன் கள்ளன்தானே" என்பான் நிமல். "நீ சாமிடா. செத்தாலும் மோட்சம், முன்னுக்குப் போ!" என்பான் பாஹிம். அவர்கள் சிரிப்பார்கள். நான் அடுத்த அறையில் என்ன வைப்பது என்று தெரியாமல் விழிப்பேன்.

ஒரு மாதத்துக்கு முன் விளையாட்டில் கலாவின் வில்லாளி ஆற்றங்கரைக்கு வந்தாள். எப்போதும் நீ குரல் கொடுக்கும் படகோட்டி அங்கே நின்றான். "நான் இந்தக் கரையில நிக்கட்டா, போகட்டா?" என்று கலா அவனிடம் கேட்டாள். எனக்குத் தலையிடி. ஆட்டத்தை முடித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். "போ பிள்ளை, திரும்பிப் பாக்காதே" என்று உன் குரலைப் போலவே சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வந்து, வீட்டில் பேசிய கனடா மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "அவரே போகச் சொல்லிட்டார்தானே, அக்கா."

நீயும் கலாவும் உங்கள் விருப்பத்தைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியாமலும் இல்லை. நீயாவது அவளிடம் நேரில் சொன்னாயா, தம்பி?

உண்மையைச் சொல்ல இரண்டு வாரம் வாய் வரவில்லை. போன ஞாயிறு அவளை ஒரு மணித்தியாலம் முந்தி வரச் சொன்னேன்.

"படகோட்டி சொன்னது றெஜி விட்டுட்டுப் போனதில்லை. அது நான் சொன்னது."

"அது மட்டுமா?"

"எல்லாமே."

"அப்ப அவர் எனக்கெண்டு ஒண்டுமே சொல்லேல்லையா?"

கடைசி நாளில் நீ தண்ணீர் கேட்டாய். ஃபேன் வேகத்தைக் கூட்டச் சொன்னாய். அவ்வளவுதான். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"இன்னொரு பொய் சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றாள்.

மற்ற இருவரும் வந்ததும் அவர்களிடமும் சொன்னேன். "அப்ப என்ர கள்ளனைப் பாம்புக் குழிக்குள்ள போட்டது நீங்களா? நான் இவ்வளவு நாளும் றெஜியையெல்லோ ஏசினனான்" என்றான் பாஹிம். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று விளையாட்டு நடக்கவில்லை.

கலா கனடாவுக்கு, தனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். போவாளா, நிற்பாளா, எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் அவளைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா நான் அழுததெண்டு மட்டும் போடாதீங்கோ. நான் அழேல்ல" என்றாள். இந்த ஞாயிறு வருவாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி என் சொல்லை உன் வாயில் வைக்கமாட்டேன், தம்பி. இது சத்தியம். யார் வந்தாலும் என் கதையை என் பெயரில் சொல்வேன். தெரியாத இடத்தில் தெரியாது என்பேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
உன் பிலோ அக்கா