இருபத்து நான்கு மாத பிளான்

14 ஆகஸ்ட் 2022, சால்ட், ஜோர்டான்

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்துவிட்டு நேரே போன் கடைக்குப் போனேன். ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. கடைக்காரர் நபீல் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர். வாய் ஓயாது.

"அன்லிமிடெட் கால் போட்டுக்கோ லமீஸ். அம்மாகூட மணிக்கணக்கா பேசலாம்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மறந்தே போச்சும்மா. மன்னிச்சுக்கோ."

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் பேச்செல்லாம் கையால்தான். எனக்கு வேண்டியது வீடியோ.

"அப்ப டேட்டாதான். இந்த ஊரு நம்பரை சின்ன பேக்ல உயிரோட வெச்சுக்கோ, பேங்க் மெசேஜ் வரும். அங்க போய் அந்த ஊரு சிம் வாங்கு. ரோமிங்க மட்டும் தொட்டுடாத, சொத்தையே எழுதி வாங்கிடுவான்."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், வளையல் அளவு. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நர்ஸாக இருந்துகொண்டு.

19 ஆகஸ்ட், வெள்ளி

வீடியோ காலுக்கு ஒத்திகை பார்த்தோம். நான் மொட்டை மாடியில், அம்மா கூடத்தில். முதலில் என் மூக்கு மட்டும்தான் தெரிந்ததாம். "கையக் காணோமே! அத மட்டும் முன்னாடியே ஜெர்மனிக்கு அனுப்பிட்டியா?"

தள்ளி உட்கார்ந்தேன். கை எடுப்பாகத் தெரியக் கறுப்புச் சட்டை போட்டேன். அம்மாவின் வட்டத்துக்குள் அடங்கும்படி கைகளை நெஞ்சோடு வைத்துச் சின்னச் சின்னதாகப் பேசினேன். சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டாள்! அரைமணி நேரம் ஊர்வம்பு. அம்மா எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் வைத்திருக்கிறாள். நபீல் 'புருவம்'. சாஜிதா அண்ணி 'மூக்குறிஞ்சி', மூக்குக்குக் கீழே விரலால் ஒரு இழுப்பு. அண்ணிக்கு அது தெரியாது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம், பத்து சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மாவிடம் கத்திப் பேசுவாள். கத்தினால் கேட்டுவிடும் என்பதுபோல.

3 செப்டம்பர்

போகாமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"கண்ணு போறது போகத்தான் போகுது. நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தா நின்னுடுமா? ராப்பகலா படிச்சு அந்த ஊரு பாஷைல பரீட்சை எழுதுனது யாரு, நானா? போ."

'போ' என்ற கையை வாசல் பக்கம் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

24 செப்டம்பர், கஸ்ஸல், ஜெர்மனி

வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் இணையம் இல்லை. முகவரியைப் பதிவு செய்யாமல் மாதப் பிளான் தரமாட்டார்களாம். இப்போதைக்கு ப்ரீபெய்ட், எட்டு ஜிபி.

1 அக்டோபர்

எட்டும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. இனி மெதுவாக ஓடும் என்றார்கள். "சாப்பிட்டேன்" என்று கையை வாயருகே கொண்டுபோனேன், அங்கேயே படம் உறைந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள். முஹன்னத் அண்ணன் போனில் கத்தினான்: "என்னடி ஆச்சு உனக்கு? அம்மா இங்க தலைல அடிச்சுக்கறா!"

ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

12 அக்டோபர்

பதிவுக் காகிதம் கிடைத்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு போன் கடை. கடைக்காரர் சிரியாவிலிருந்து வந்த அலெப்போக்காரர், நம் அரபி பேசுகிறார். மூன்று பிளான் காட்டினார். இருபது ஜிபி, வேண்டாமென்றால் மாதாமாதம் நிறுத்தலாம். ஐம்பது ஜிபி, ஒரு வருஷம். அளவே இல்லாதது, இருபத்து நான்கு மாதம்.

"நல்லா யோசிச்சுக்கோ தங்கச்சி. கையெழுத்துப் போட்டுட்டா ரெண்டு வருஷத்துக்கு விடமாட்டாங்க. அதுக்குள்ள என்ன வேணா மாறலாம்."

மாறக்கூடாது என்றுதான் போடுகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அம்மா கண்ணில் மிஞ்சிய வட்டமும் இருபத்து நான்கு மாதம் தாங்கிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. நான் ஒப்பந்தம் போட்டால் அதுவும் கட்டுப்படும் என்பதுபோல. பைத்தியமா எனக்கு?

17 டிசம்பர்

ஒரு மணி நேரம் தடையே இல்லாமல் பேசினோம். வார்டில் ஒரு கிழவர் என்னை மறைந்துபோன தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு அதட்டுவதை நடித்துக் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. பிறகு வெகுநேரம் கூரைதான் தெரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

11 மார்ச் 2023

அம்மா இன்று என் முகத்தைத் தேடினாள். போனைத் தூக்கி, இறக்கி, திருப்பி. நான் திரையின் நடுவில்தான் இருந்தேன்.

2 ஏப்ரல்

நோன்பு. கூடத்துக்கு அண்ணன் புது விளக்கு போட்டிருக்கிறான். பிரயோசனமில்லை. "பெரிசாப் பேசு" என்கிறாள். பெரிதாகப் பேசினால் கை வட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. சின்னதாகப் பேசினால் மங்கல். சீக்கிரமே "தலவலி" என்று வைத்துவிட்டாள். தலைவலி இல்லை, எனக்குத் தெரியும்.

20 ஜூன்

வீடியோவில் அம்மாவை ஒட்டி அண்ணி உட்கார்ந்திருந்தாள். நான் பேசப் பேச, அண்ணி என் கையைப் பார்த்து, அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கைகள்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, நான் செய்ததையே திரும்பச் செய்தாள். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் அம்மாவுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நீ போன அடுத்த மாசமே ஆரம்பிச்சுட்டேன் லமீஸ். கூடத்துல உக்காந்து அத்தை தனியா கைய ஆட்டிட்டு இருப்பாங்க, பாக்கறதுக்கு ஒருத்தரும் இல்லாம. என்னால தாங்க முடியல. அவங்களே சொல்லிக்குடுத்தாங்க. தப்புப் பண்ணா விரல்ல அடி."

நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியதையெல்லாம் முறையாகச் சொன்னேன். அப்புறம் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவ மேல எனக்கு என்ன கோவம்? கோவமெல்லாம் இல்ல. ஆனா இனிமே அம்மாகிட்ட ஒரு ரகசியம் சொல்ல முடியாது. அண்ணியப் பத்தி ஒரு சின்ன வம்புகூடப் பேச முடியாது.

9 ஆகஸ்ட்

"வெளிச்சம்கூடத் தெரியலங்கறா" என்று அண்ணன் எழுதியிருந்தான். அந்த ஒரே வரி. பிளானில் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

27 ஆகஸ்ட்

நான் அவளைப் பார்க்கிறேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் பேசுகிறாள். இந்தப் பக்கம் திரும்பச் சொல்லவா என்று அண்ணி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

10 பிப்ரவரி 2024, சால்ட்

விடுப்பு. பதினாறு மாதத்துக்குப் பிறகு வீடு.

கதவைத் திறந்ததும் ஓடிப்போய் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைத் திருப்பித் திருப்பித் தடவினாள். வார்டில் நாள் முழுக்கக் கழுவிக் கழுவி என் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கையை உருவிக்கொண்டு, அண்ணி இருக்கும் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "யாரு இது?"

யாரு இது.

அவள் விரலைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தேன். அதுதான் என் கைப்பெயர், கன்னத்தில் ஒரு விரல். அப்புறம் விடவில்லை. இரண்டு கையாலும் என் முகம், காது, கழுத்து, தோள். மெலிந்துவிட்டாய் என்று திட்டினாள். அடித்தாள்கூட.

18 பிப்ரவரி

காலையிலிருந்து மாலைவரை பேசுகிறாள். தோள் வலிக்கிறது எனக்கு. அண்ணியின் கைப்பெயரை மாற்றிவிட்டாள். மூக்குறிஞ்சி இல்லை இப்போது, தன் வலது உள்ளங்கையில் இரண்டு தட்டு. அண்ணியிடம் பழைய பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

2 மார்ச்

நாளை மறுநாள் விமானம். இங்கேயே வேலை பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். போன தடவைபோல உடனே "போ" என்பாள் என்று எதிர்பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. சொல்லமாட்டேன். இந்தத் தடவ நீயே முடிவு பண்ணு."

5 மார்ச், கஸ்ஸல்

திரும்பிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்.

6 மார்ச்

ஏன் வந்தேன்? இங்கே எனக்கென்று ஒரு அறை, ஒரு சாவி. வார்டில் என் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிஜம்.

14 அக்டோபர்

ஒப்பந்தம் முடிந்தது. அலெப்போக்காரர் இன்னும் இரண்டு வருஷம் போட்டால் புதுப் போன் தருவதாகச் சொன்னார். இருப்பதிலேயே சின்ன பிளானைக் கேட்டேன்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே தங்கச்சி?"

சௌக்கியம் என்றேன்.

வீடியோவை நிறுத்தி நான்கு மாதமாகிறது. நானேதான் நிறுத்தினேன், என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா கையால் சொல்வதை அண்ணி தினமும் மாலையில் எழுதி அனுப்புகிறாள். நான் எழுதுவதை அம்மாவின் கையில் சைகையாகச் சொல்கிறாள். அதற்குச் சின்ன பிளானே தாராளம்.

இன்று வந்தது இது:

"அத்தை நல்லா சாப்பிட்டாங்க. நாளைக்கு உனக்கு என்ன டியூட்டின்னு கேக்கறாங்க. அப்புறம் லமீஸ், சாயங்காலம் டீ குடுக்கும்போது என் கன்னத்துல விரல வெச்சாங்க. நான் லமீஸ் இல்ல, சாஜிதான்னு கைல சொன்னேன். தெரியும்னாங்க. மறுபடியும் வெச்சாங்க."

பதில் எழுதினேன்: நாளை பகல் டியூட்டி. சாப்பிட்டுவிட்டேன்.