எங்கள் பக்கமும் இருந்தது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீங்கள் மூவரும் சுகம்தானே என்று எழுத வரும்போதே கை நிற்கிறது, மூன்று வாரக் குழந்தை மருத்துவமனையில் அல்லவா கிடக்கிறது. அப்பாவுக்குக் காது மந்தம்தான், ஆனால் மிட்டாய் டப்பா திறக்கும் சத்தம் மட்டும் தப்பாமல் கேட்டுவிடுகிறது.

நேற்று போனில் மருமகள், "அத்தை, உங்க பக்கம் யாருக்காவது குழந்தையில வலிப்பு வந்திருக்கா, டாக்டர் கேக்கறார்" என்றாள். "இல்லவே இல்லைம்மா" என்றேன். "அப்போ என்கிட்டேருந்துதான்" என்று அழுதாள். நான் சொன்னது பொய்யப்பா. உனக்கே வந்தது. பேச நாக்கு எழாமல் எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நீ பிறந்த மூன்றாம் நாள், பிரசவ வார்டில் ஜன்னலோரக் கட்டில், பால் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று விறைத்தாய், உதடு நீலம் பூத்தது, இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. நாற்பது எண்ணுவதற்குள் நின்றுவிட, நீ சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டாய். பக்கத்தில் நின்ற உன் பெரிய அத்தை, "இவன் அப்பனும் இப்படித்தான் துடிச்சான், ரெண்டு மாசத்துல தானா நின்னுச்சு, வெளியில மூச்சு விடாதே, நாளைக்கு யார் பொண்ணு குடுப்பா" என்றாள். மூன்று நாள் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன். பள்ளியில் பாடம் நடத்த வைத்திருந்த என் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொன்றையும் தேதி, மணி போட்டு எழுதினேன். கடைசி வலிப்பு ஐம்பத்திரண்டாம் நாள். அதற்குக் கீழே உனக்கு முதல் பல் முளைத்த தேதி. இன்று அந்தப் பக்கத்தை எடுத்தேன், உன் பால் வாசனை கூட வருவது போலிருந்தது.

பொட்டாசியம் போகும் வழியில் மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டாயே, வகுப்பறையை நினைத்துக்கொள். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே போனால்தான் அறை அடங்கும். இரட்டைக் கதவில் ஒன்று திறக்காவிட்டால் உள்ளே ஒரே கூச்சல். மூளையின் நரம்பணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் கதவும் அப்படித்தான், அங்கே எழும் கூச்சல்தான் வலிப்பு. குழந்தை வளர வளர வேறு கதவுகளும் சேர்ந்து அடக்கிவிடுவது உண்டு என்று டாக்டராக இருக்கும் என் பழைய மாணவி சொன்னாள். எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல முடியாதாம், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அப்பாவுக்கும் உனக்கும் வந்து போனது தெரிந்தால் வைத்தியம் பார்ப்பவர்களுக்குப் பெரிய உதவியாம்.

குறிப்பேட்டுப் பக்கத்தையும் அனுப்புகிறேன். டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் மருமகளிடம் நீயே வாசித்துக் காட்டு. நான் பொய் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகாதே. வேளைக்குச் சாப்பிடுங்கள். பேத்தி நிறைந்த ஆயுளோடு இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் என் ஆசி. மருமகள் என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ குறுக்கே பேசாதே.

உன் அம்மா