அண்ணாவின் ஐஸ்கிரீம் மெஷின்

என் அன்பு அண்ணாவுக்கு,

ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் முதலாண்டு நினைவுக்குத் தமிழ்ச் சங்க மலரில் எழுதச் சொல்கிறார்கள். இந்த இர்விங் ஊரில் உன் கையால் ஐஸ்கிரீம் சாப்பிடாத தமிழ்க் குடும்பமே இல்லையாம், அதைப் பற்றி எழுதினால் போதுமாம். எழுதுகிறேன்.

அந்த மெஷினின் கிண்ணம் ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் கிடக்க வேண்டும். அதில் ஊற்றும் பாலும் சில்லென்று இருக்க வேண்டும். உனக்கோ அமெரிக்கப் பாலையும் பொங்கக் காய்ச்சினால்தான் நிம்மதி. காய்ச்சி, டின் மாம்பழக்கூழைக் கொட்டி, ஆறும்வரை பொறுக்காமல் ஊற்றிவிடுவாய். கிண்ணத்தின் குளிர்ச்சி அதிலேயே போய்விடும். மெஷின் கரகரவென்று சுற்றும். பால் பாலாகவே இருக்கும்.

"என்ன சார், ஸ்பூனா டம்ளரா?" என்பார்கள் உன் நண்பர்கள்.

"குடிச்சுப் பாருய்யா, கடையில கிடைக்குமா இது?"

குடித்துவிட்டு "சூப்பர்" என்பார்கள். உன்னிடம் யார் உண்மை பேசினார்கள்?

ஆஸ்பத்திரியில் அவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு, "தம்பி இருக்கான்ல, வீட்ட அவன் பாத்துக்குவான்" என்றாய். நான் உன் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இங்கிருந்து வெகு தொலைவில், மில்பிடாஸில் எனக்கு வேலை கிடைத்திருந்தது உனக்குத் தெரியும். நீ போனதும் அதை வேண்டாமென்றேன்.

அன்றிலிருந்து உன் வீட்டுப் புல்லை வெட்டுகிறேன். உன் மகள் ஸ்வேதாவை வகுப்புகளுக்கு அழைத்துப் போகிறேன். ஞாயிறுதோறும் உன் முறைப்படியே பாலைக் காய்ச்சி மெஷினைச் சுற்றவிடுகிறேன். மற்ற நேரம் மாடியறை ஜன்னலில் நின்று ஃப்ரீவேயைப் பார்க்கிறேன். எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வாரம் மில்பிடாஸிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, அண்ணியிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஐஸ்கிரீமைக் கொண்டுபோய் வைத்தேன். ஸ்வேதா அதையே பார்த்தாள்.

"சித்தப்பா, டூ ஐ ஹாவ் டு?"

"ஏம்மா?"

"ஐ நெவர் லைக்டு இட். ஈவன் வென் டாடி மேட் இட்."

"ஸ்வேதா!" என்று அதட்டிய அண்ணி, தன் கிண்ணத்தையும் தள்ளிவைத்தார். "எனக்கும் இந்த டின் வாசனை ஆகாது தம்பி. அப்ப அவருக்காகக் குடிச்சேன், இப்ப உங்களுக்காக."

"எனக்காகவா?"

"அவர் சொல்லிட்டுப் போனாரே, தம்பி தனி ஆளு, பாத்துக்கன்னு. இல்லன்னா நியூஜெர்சிக்கு எங்க அக்கா பக்கத்துலயே போயிருப்பேன்."

அண்ணா, அவர்களுக்கு என்னையும் எனக்கு அவர்களையும் காவல் வைத்துவிட்டு நீ மட்டும் எப்படிக் கிளம்பினாய்? ஸ்வேதாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் குறையவில்லை.

திங்கட்கிழமை மில்பிடாஸ் வேலைக்குச் சரியென்று சொல்லிவிட்டேன். அண்ணி வீட்டை விற்க ஏற்பாடு செய்கிறார். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: ஸ்வேதா கூப்பிடும்போதெல்லாம் நியூஜெர்சிக்குப் போவேன். அவள் கூப்பிட்டால் மட்டும். நீ ஒப்படைத்தாய் என்பதற்காக அல்ல.

முடிக்கும்போது 'உன் தம்பி' என்று எழுதப் போனேன். கை வரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தானே என்னைக் கேட்காமல் கட்டிப்போட்டாய்? படிக்கிறவர்களுக்கு யாரென்று எப்படியும் தெரியும். தெரியட்டும். பெயரும் உறவும் போடாமலே இதை மலருக்குத் தபாலில் சேர்க்கிறேன்.