கொற்கை இளவரசனுக்காகத் தலைமுழுகிய வீடு

நெல்லைச் சீமையின் நாவல் ராஜ்யத்தை ஒற்றைக் குரலால் ஆண்டு, பாதிக் கதையில் எங்களை நிறுத்திவிட்டுப் போன என் கோமு அக்காவுக்கு,

உன் தம்பி சங்கரன் நின்றுகொண்டே எழுதுவது. உட்கார முடியவில்லை அக்கா. உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது மனசு. எழுந்தால் வாசலைப் போய்ப் பார் என்கிறது. காலையிலிருந்து உன் வீட்டு முற்றத்தில் நான் நடந்த நடையை ஒரே திக்கில் நடந்திருந்தால் இந்நேரம் காசியில் கங்கா ஸ்நானம் முடித்து ஈர வேட்டியைக் காயப்போட்டிருப்பேன்.

உன் மகள் வடிவு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அவள் திரும்பி வந்து என்ன சொல்லப்போகிறாளோ, அதைப் பொறுத்துத்தான் நாளைக்கும் அவள் பள்ளிக்கூடம் போவாளா, இன்றோடு சரியா என்பது தெரியும். அதற்குத்தான் இத்தனை நடை.

கதையை நடுவிலிருந்து சொன்னால் உனக்குப் பிடிக்காது. முதலிலிருந்தே வருகிறேன்.

நீ கடைசியாக வாசித்த இடம் நினைவிருக்கிறதா? கொற்கை இளவரசன் மணிமாறன் கோட்டைச் சுவரில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே அகழி நிறைய முதலை. மேலே பகைவன் கயிற்றை வாளால் அறுக்கிறான். அந்த இடத்தில் பட்டென்று புத்தகத்தை மூடி, "மிச்சம் நாளைக்கி. போய் உலையை வைங்க" என்று எழுந்தாய். நீ எப்போதும் அப்படித்தான். ஆளை அந்தரத்தில் விட்டால்தான் மறுநாள் பெண்கள் நேரத்துக்கு வருவார்கள் என்று உனக்குத் தெரியும். மறுநாள் உனக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை.

அதனால் அவன் தொங்கினான். ஏறக்குறைய ஒரு வருஷம் தொங்கினான். ஐம்பத்தாறு தேசத்து ராஜகுமாரர்களில் இவ்வளவு காலம் கயிற்றில் குடியிருந்தவன் இவன் ஒருவன்தான். கயிறு வேர்விட்டிருக்கும். முதலைகள் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

உன் தலைத்திவசம் முடிந்த வாரம், அத்தானுடைய அத்தை பேராச்சி (உனக்குப் பிறகு அடுப்படியை அவள்தான் ஆள்கிறாள்) என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே சங்கரா, அந்தப் பிள்ளை இன்னும் தொங்கிக்கிட்டே கெடக்குலே. நம்ம வீட்டுத் துக்கத்துக்கு அவன் என்ன செய்வான்? எறக்கி விட வேண்டாமா?"

"யாரை, அத்தை?"

"கொற்கைப் பிள்ளையத்தான்."

"நான் வாசிக்கேன் அத்தை" என்று மார்பைத் தட்டினேன்.

"நீ வேண்டாம்ப்பா. நீ வாசிச்சா முதலை எந்திரிச்சுப் பாட்டுப் பாடும். வடிவு வாசிக்கட்டும்."

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். மணிமாறனும் ஒவ்வோர் எழுத்தாகத்தான் இறங்கினான். ஒரு கூட்டெழுத்தில் அவள் தடுக்கி நின்றால் முற்றத்தில் மூச்சு நின்றது. அடுத்த வீட்டு ஆவுடை மதினி வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். அவன் காலைத் தரையில் வைத்தபோது பேராச்சி அத்தை விட்ட பெருமூச்சில் கொடியில் காய்ந்த சேலை மூன்று வீடு தாண்டிப் போய் விழுந்தது.

ஓர் ஆபத்தான இடம் வந்தால் வடிவு தலையை நிமிர்த்தி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் வாசிக்கிறாள் அக்கா. நீ பார்ப்பாயே, அதே பார்வை. அதை அவளுக்கு எப்போது கொடுத்தாய்? முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். தூசி என்று சொன்னேன்.

ஆனித் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த அநியாயம் நடந்தது. மணிமாறன் செத்துப் போனான். முதலைக்குத் தப்பியவன், வாளுக்குத் தப்பியவன், சிற்றப்பன் கொடுத்த பாலைக் குடித்துச் செத்தான். இந்த நாவல் எழுதினவரை மட்டும் என் கையில் கொடுத்திருந்தால் பொருநை ஆற்றைத் திருப்பி அவர் வீட்டுக்குள் விட்டிருப்பேன்.

பேராச்சி அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எந்திரிங்கட்டி. ஆத்துக்குப் போவோம்."

"எதுக்குப் பெரியத்தை?" என்றாள் வடிவு.

"முழுகாண்டாமா?"

"இது கதைல்லா?"

"கதைன்னா? ஒரு வருசமா நம்ம முத்தத்துல இருந்த பிள்ளைட்டி. சாவுச் சேதி காதுல விழுந்த பெறவு முழுகாம சாமி வெளக்கை எப்படித் தொடச் சொல்லுத?"

ஆவுடை மதினி மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்டுக்கும் தீட்டு உண்டா அத்தை?"

"நீ காதால கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன்."

"அப்பம் உண்டு. வா."

போனார்கள் அக்கா! குறுக்குத்துறைக்குப் போய் முழுகி, தலையை விரித்துப் போட்டு, ஈரச் சேலையோடு, ஒருவரோடொருவர் பேசாமல், வரிசையாக ரத வீதி வழியே திரும்பி வந்தார்கள். அன்றைக்கு அத்தான் நிலத் தாவா ஒன்றுக்காக நாங்குநேரி போயிருந்தார். ஊர் பார்த்தது. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை (என்னை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை), அவர் வெளியூரில், பெண்கள் முழுகிவிட்டு வருகிறார்கள். ஊர் முடிவு கட்டிவிட்டது.

சாயங்காலம் அத்தானுடைய வண்டி தெரு முனையில் திரும்பியபோது வாசலில் நின்ற கூட்டத்தை வைத்து நெல்லையப்பர் தேரை அன்றைக்கே நிலைக்குக் கொண்டுவந்திருக்கலாம். முன்வரிசையில் ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, எங்களை விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று அழுதார். அந்த அண்ணாச்சி வண்டியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்று, "யாரு வே போயிட்டது?" என்று கேட்டார். அழுதவருக்கு உள்ளே போன நாக்கு இன்றுவரை முழுசாக வெளியே வரவில்லை.

அத்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அத்தை, யாரு தவறிட்டா?"

"கொற்கையில ஒரு பிள்ளை" என்றாள் பேராச்சி அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கொற்கையில நமக்கு யாரு இருக்கா?"

"மணிமாறன்."

"யாரு மகன்?"

"பாண்டிய ராசா மகன்."

முதலில் சிரித்தவர் சங்கு ஊத வந்தவர். அப்புறம் தெருவே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் சங்கோடு நின்ற அந்த ஆளை அத்தான் பார்த்த பார்வையை நான் பார்த்துவிட்டேன். போன வருஷம் அதே ஆள், அதே இடத்தில்தான் நின்றார்.

தீர்ப்பு உடனே வந்தது. நாவல் பத்தாயத்துக்குள், நெல்லுக்கு அடியில் போனது. வடிவின் படிப்பும் முடிந்தது.

"தேருக்கு விடுத லீவோட நின்னுக்கிடட்டும்" என்றார் அத்தான். "எழுத்துப் படிச்சு நம்ம வீட்டுப் பொம்பளைய கண்ட பலன் போதும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாண்டிய நாட்டு மந்திரியைப்போல ஓரடி முன்னால் வந்தேன். "அத்தான், தாய்மாமன்கிற முறையில நான் என்ன சொல்லுதேன்னா..."

"உம்ம முறையெல்லாம் காது குத்துக்குத்தான் வே மாப்ள. பேசாம இரியும்."

பேசாமல் இருந்தேன். உலக சரித்திரத்திலேயே முதல் தடவை.

ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. மத்தியானம் பெண்கள் கூடியே தீர வேண்டுமானால், வடிவு தன் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தை வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்தது, உள்ளங்கையில் அடங்கும். "நடந்தது மட்டும்தான் அதுல இருக்கும். யாரும் முழுக வேண்டாம்" என்றார். சொன்னதோடு விடவில்லை. நாவல் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று பக்கத்து அறையில் நாற்காலியைப் போட்டுக் காவலும் இருந்தார்.

அக்கா, நாவலில் ஒரு ராஜா சாக முந்நூறு பக்கம் ஆனது. இந்தப் பொடிப் புத்தகத்தில் மூன்று வரிக்கு ஒரு ராஜா சாகிறான்! பட்டம் கட்டினான், சண்டை போட்டான், செத்தான். அடுத்தவன் வந்தான், குளம் வெட்டினான், செத்தான். ஒவ்வொருவனுக்கும் முழுகுவதென்றால் பேராச்சி அத்தை ஆற்றிலேயே மீனாகிப் புன்னக்காயல் வழியாகக் கடலுக்குப் போயிருக்க வேண்டும்.

முழுகவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

"இவனுக்குப் பின் இவன் தம்பி பட்டம் பெற்றான்" என்று வடிவு வாசித்தாள்.

"தம்பியா? ஏன், பிள்ளை இல்லையா?" என்றாள் ஆவுடை மதினி.

"அது போடல."

"பாலு குடுத்திருப்பான்" என்றாள் பேராச்சி அத்தை.

"ஏட்டி, பொண்டாட்டி என்ன ஆனா?" என்றாள் ஆவுடை மதினி.

"அதும் போடல."

அறைக்குள்ளிருந்து அத்தான் கனைத்தார். "புத்தகத்துல இருக்கத மட்டும் வாசி."

திருவிழா விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பக்கம் வந்தது. ஒரு பாண்டியன் போரில் இறந்தான்; மகன் சிறுபிள்ளை; ஆகையால் அரசனுடைய மனைவி சில காலம் ராஜ்யத்தை நடத்தினாள்; பின்பு அவளும் இறந்தாள். அவ்வளவுதான். வடிவு நிறுத்திவிட்டாள். வழக்கம்போல ஒரு சுற்றுப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரு என்னட்டி?" என்றாள் பேராச்சி அத்தை.

"பேரு இல்ல பெரியத்தை."

"நல்லாப் பாரு. நாட்டையே ஆண்டிருக்கா, பேரு இல்லாமலா இருப்பா?"

"ராசாக்குப் பேரு இருக்கு. மகனுக்கு இருக்கு. ராசா ஏறின ஆனைக்குக்கூட இருக்கு. அவளுக்கு இல்ல."

விடுவேனா நான்? "அவள் நாமதேயம் திரிபுவன மகாதேவி" என்றேன். வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, உலகமுழுதுடைய நாச்சியார்" என்று இறங்கி வந்தேன்.

"மாமா, நீங்க இட்டுக்கட்டுதிய" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனக்கு நெசப் பேரு வேணும்."

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அத்தான் வெளியே வந்தார். அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். முன்பக்கம் திருப்பினார், பின்பக்கம் திருப்பினார். வைத்துவிட்டுத் திட்டப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். வெகுநேரம் அந்தப் புத்தகம் அவர் கையிலேயே இருந்தது.

"கோமதி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா" என்றார்.

நீ வாழ்ந்த காலமெல்லாம் உன்னை அவர் 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார். பிறரிடம் சொல்லும்போது 'அவ' என்பார். உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். உன்னிடம் தனியாக இருக்கும்போதாவது சொல்லியிருக்கிறாரா அக்கா? இதை நான் கேட்கலாமோ, கூடாதோ. கேட்டுவிட்டேன்.

புத்தகத்தை வடிவிடம் நீட்டினார். "திங்கக்கெழமை உங்க வாத்தியாரம்மாட்ட கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை! பள்ளிக்கூடம் திறக்கிற நாள்! ஆவுடை மதினி வாயைத் திறந்தாள். பேராச்சி அத்தை அவள் தொடையில் கிள்ளியதில் மூடிக்கொண்டாள். தெரிந்து சொன்னாரா, தன் தீர்ப்பை மறந்து சொன்னாரா? கேட்டால் நினைவு வந்துவிடுமே! இரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் பைய நடந்தோம். அம்மியில் தேங்காயைக்கூடச் சத்தமில்லாமல் அரைத்தார்கள்.

இன்று காலை வடிவு பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாரல் அடிக்கி. குடையை எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

அதுமுதல் நடக்கிறேன் அக்கா. எதை வேண்டிக்கொண்டு நடக்கிறேன் என்று சொன்னால் நீ அடிக்க வருவாய். வாத்தியாரம்மாவுக்கு அந்த ராணியின் பெயர் தெரியக் கூடாது! தெரிந்துவிட்டால் இன்றோடு கேள்வி முடிந்தது. அத்தானுக்குப் பழைய தீர்ப்பு நினைவு வரும். ஓர் உபாத்தியாயினி சரித்திரம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்ட முதல் மூடன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தப் பெயர் கிடைக்கவே கூடாதா? வடிவு கேட்ட குரலை நினைத்தால் அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் அது, அந்தப் பக்கம் திரும்பினால் இது. எப்படி உட்காருவேன்?

வாசலில் சத்தம் கேட்கிறது. இரு, வருகிறேன்.

வந்துவிட்டாள். குடை சொட்டச் சொட்ட வந்தாள். பேராச்சி அத்தை சுத்தமான அரிசியில் கல் பொறுக்குகிறாள். ஆவுடை மதினி சும்மா கிடந்த முறத்தைப் புடைக்கிறாள். நான் தூணைப் பரிசோதிக்கிறேன். வடிவு நேரே அத்தானிடம் போனாள்.

"அவங்களுக்கும் தெரியலயாம்ப்பா. பெரிய புத்தகத்துல தேடிப் பாத்துச் சொல்லுதேன்னாங்க."

"என்னைக்கிச் சொல்லுவாங்களாம்?"

"அது சொல்லல."

அத்தான் பத்திரிகையை மடித்தார். மறுபடி விரித்தார். "அப்பம் தெரியுத வரைக்கும் தினம் போய்க் கேக்கணும்லா" என்றார்.

பேராச்சி அத்தை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் மாடிக்கு மேலே பறந்திருப்பேன்.

இதோ உனக்கு என் சத்தியம். யானையை எறும்பாக்குவேன், எறும்பைத் தேரில் ஏற்றுவேன், ஊரையே கதையில் முக்கி எடுப்பேன். ஆனால் அந்த ஒரு பெண்ணின் பெயரை மட்டும் இனி இட்டுக்கட்ட மாட்டேன். வடிவு தானே கண்டுபிடித்து வந்து சொல்கிற வரைக்கும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். ஒருவேளை நாளைக்கே கண்டுபிடித்துவிட்டால், அத்தான் பத்திரிகையை மடிப்பதற்குள் கேட்க அடுத்த கேள்வி ஒன்றை நான் மடியில் வைத்திருப்பேன்.

இப்போது கொஞ்சம் உட்காரப் பார்க்கிறேன்.

உன்னோடு பிறந்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
சங்கரன்